கெட்டிமேளத்தில் நிற்கும் டிவிடி: எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கோளாறு கண்டுபிடிப்பது

"அண்ணே, கெட்டிமேளம் அடிக்கிற நேரம் பார்த்து நின்னுடுதுண்ணே. ரிசப்ஷன் எல்லாம் நல்லாத்தான் ஓடுது."

கல்யாண வீடியோ எடிட் பண்ணி டிவிடி போட்டுக் கொடுக்கிற யாரும் இந்த போனுக்குத் தப்பியிருக்க மாட்டார்கள். வாடிக்கையாளருக்கு இது சகுனம் மாதிரி படும். நமக்கு அப்படி இல்லை. எங்கள் பக்கம் முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலையில் முகூர்த்தம். படத்தையும் அதே வரிசையில்தான் கோக்கிறோம். டிவிடியில் எழுத்து நடுத்துளைப் பக்கம் தொடங்கி வெளியோரம் நோக்கிப் போகும். ஆக, ஐநூறு பேர் மேடையேறிக் கவர் கொடுத்துக் கைகுலுக்குவது டிஸ்க்கின் நல்ல பகுதியில் சொகுசாக உட்கார்ந்துவிடும். தாலி கட்டுவது ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். மட்டமான டிஸ்க் முதலில் காலை வாருவது அந்த ஓரத்தில்தான்.

அதனால்தான் கோளாறு என்று யாராவது சொன்னால் "என்ன ஆச்சு?" என்று நான் கேட்பதில்லை. "எத்தனையாவது நிமிஷம்?" என்றுதான் கேட்பேன்.

பென் டிரைவ் காலத்தில் டிவிடி எதற்கு என்பவர்களுக்கு: ஆல்பம் பெட்டியில் டிஸ்க் வைக்கும் பள்ளம் இன்னும் இருக்கிறது. வெறும் பள்ளமாகக் கொடுத்தால் பெண்ணின் தாத்தா "கேசட் எங்கப்பா?" என்பார். அவர் வாயில் டிவிடியும் கேசட்தான். பள்ளிக்கூட ஆண்டுவிழா, கோயில் கும்பாபிஷேகம், நாட்டிய அரங்கேற்றம் எல்லாவற்றுக்கும் இன்னும் காப்பி கேட்கிறார்கள்.

போனிலேயே கேட்க வேண்டிய மூன்று கேள்வி

1. எத்தனையாவது நிமிஷத்தில் நிற்கிறது?
2. அதே டிஸ்க் வேறு பிளேயரிலோ கம்ப்யூட்டரிலோ ஓடுகிறதா?
3. சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்த காப்பியும் அங்கேயே நிற்கிறதா?

எல்லாக் காப்பியும், எல்லா பிளேயரிலும், அச்சுப் பிசகாமல் ஒரே நொடியில் நின்றால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். தப்பு எல்லாக் காப்பிக்கும் மூலமான மாஸ்டரில் இருக்கிறது. எல்லாக் காப்பியும் ஏறக்குறைய ஒரே பகுதியில், ஆனால் முன்னே பின்னே நின்றால் அந்தக் கட்டு டிஸ்க்கோ, எழுதிய வேகமோ காரணம். ஒரே ஒரு காப்பி மட்டும் என்றால் அந்த ஒரு பீஸ், அல்லது அதை எழுதிய டிரைவ். ஒரே ஒரு வீட்டில் மட்டும் என்றால் அவர்கள் பிளேயரின் லென்ஸ், இல்லையென்றால் டிஸ்க்கின் வகை. இந்த நாலு வழியில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

"கடைசி இருபது நிமிஷம் ஓடல"

அதிகம் வரும் புகார் இதுதான், எனவே இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டிய சாண்ட்விச். வெற்று டிஸ்க்கில் அதன் நடுவே சாயம் பூசியிருக்கும். லேசர் சுடுவது அந்தச் சாயத்தைத்தான். தொழிற்சாலையில் தகட்டைச் சுழலவிட்டு, உள்வட்டத்தில் சாயத்தை ஊற்றுவார்கள். தோசைக்கல்லில் மாவு பரவுவது போல அது ஓரம் நோக்கிப் பரவும். மாவு சரியில்லை என்றாலும், கை சரியில்லை என்றாலும் முதலில் பிசகுவது ஓரம். தகடு லேசாக வளைந்திருந்தால் அந்த வளைவும் ஓரத்தில்தான் அதிகம். இது போதாதென்று 16 மடங்கு வேகத்தில் எழுதும்போது டிஸ்க் நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த முழு 16 மடங்கையும் டிரைவ் எட்டுவது ஓரத்தில் மட்டுமே. பூச்சு மோசமான இடம், வளைவு அதிகமான இடம், எழுத்து அவசரமான இடம் மூன்றும் ஒரே இடம்.

இன்னொரு கணக்கு. டேட்டா எழுதும் பகுதி மையத்திலிருந்து 24 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது. ஓரத்து வட்டம் பெரிது என்பதால் வெளிப்பக்க 14 மில்லிமீட்டருக்குள்ளேயே பாதிப் படம் அடங்கிவிடும். "ஓரத்துல கொஞ்சம்தானே" என்று நினைத்துவிடக் கூடாது.

சரிசெய்வது இப்படி. முதலில் செலவில்லாத வழி: அதே டிஸ்க்கை 8 மடங்கு வேகத்தில் எழுதிப் பாருங்கள். முழு டிஸ்க்குக்கு 16 மடங்கில் ஆறு நிமிஷம் ஆகிறது என்றால் 8 மடங்கில் எட்டு, ஒன்பது. மூன்று நிமிஷத்தை மிச்சம் பிடித்து ஒரு குடும்பத்தின் சாபத்தை வாங்கிக்கொள்வது என்ன கணக்கோ. அதற்காக "மெதுவா எழுதினா நல்லது" என்று கிடைத்ததிலேயே குறைந்த வேகத்துக்கும் போகாதீர்கள். 16 மடங்குக்கென்று செய்த சாயம் ரொம்பக் குறைந்த வேகத்தில் சரியாகச் சுடாது. 8 நடுவாந்தரம், அதுவே போதும்.

அடுத்தது, விளிம்பு வரை ரொப்பாதீர்கள். விண்டோஸ் கணக்கில் டிஸ்க்கின் கொள்ளளவு 4.37 ஜிபி. நான் 4.0 தாண்டுவதில்லை. அதில் ஓரத்தின் கடைசி இரண்டு மில்லிமீட்டர் வெற்றாகவே நின்றுவிடும். கைரேகை படுவதும் அங்கேதான், பெட்டியில் உரசுவதும் அங்கேதான்.

இன்னும் நல்லது, முகூர்த்தத்தைத் தனி டிஸ்க்கில் போடுவது. முதல் டிஸ்க் வரவேற்பு, இரண்டாவது முகூர்த்தம். ஒரு வெற்று டிஸ்க் கூடுதலாகச் செலவாகும், தாலி கட்டுவது நடுவட்டத்துக்குள் வந்துவிடும். இந்த ஏற்பாட்டுக்கு மாறிய பிறகு கெட்டிமேளத்துப் போன் எனக்கு வருவது அபூர்வம்.

இத்தனைக்கும் பிறகு நின்றால், டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான். அது அடுத்த பகுதி.

"நல்ல கம்பெனி டிஸ்க்தான் சார், அப்பவும்..."

ஒரு ஆவணி சீசனில் நூறு பீஸ் கட்டு ஒன்றை மலிவாக வாங்கினேன். மேலே பேர் பெற்ற பெயர்தான் அச்சிட்டிருந்தது. முதல் டிஸ்க்கை எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். ஊதா நிறம் உள்ளே ஒரே சீராக இருந்தது. ஓரத்துக்கு ஒரு விரற்கடை முன்பு நிறம் வெளிறி, அதில் ஆறிப்போன பால் மேல் ஆடை சுருங்கியது மாதிரி ஒரு வளையம். விளிம்பில் நகத்தை ஓட்டினால் இரண்டு தகடும் ஒட்டிய இடத்தில் பசை பிதுங்கி நின்றது தட்டுப்பட்டது. பார்த்தும் எழுதினேன், அவசரம். திரும்பி வந்த டிஸ்க்குகள் எல்லாம் அந்த வளையத்தில்தான் நின்றன.

அன்றிலிருந்து அட்டைப் பெயரை நான் பார்ப்பதில்லை. வெற்று டிஸ்க் ஒவ்வொன்றின் உள்வட்டத்திலும் தயாரித்தவரின் குறியீடு முன்கூட்டியே பதிந்திருக்கும். எழுதும் டிரைவ் அதைப் படித்துத்தான் எவ்வளவு சூட்டில் சுடுவது என்று தீர்மானிக்கிறது. நாமும் படிக்கலாம். இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து வெற்று டிஸ்க்கைப் போட்டால் வலப்பக்கக் கட்டத்தில் டிஸ்க் ஐடி என்று வரும். 2013க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பு வரவில்லை. ஆனாலும் இந்த வேலைக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எம்சிசி என்று தொடங்கினால் மிட்சுபிஷி கெமிக்கல் சாயம். வெர்பேட்டிம் பெயரில் வருவது. அதிலும் பெட்டியில் 'ஏஸோ' என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அதே நிறுவனத்தின் 'லைஃப்' வரிசையில் வேறு குறியீட்டு டிஸ்க்குகள் வந்ததுண்டு. டிஒய்ஜி, யூடென் என்று வந்தால் ஜப்பானின் தாயோ யூடென். நம் தொழிலில் அதைத் தங்கம் என்பார்கள். 2015 கடைசியில் அவர்கள் இந்தத் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதனால் இன்று யாராவது "ஃபிரெஷ் ஸ்டாக் தாயோ யூடென்" என்றால் ஒரு சிரிப்போடு நகர்ந்துவிடலாம். சிஎம்சி மேக், ரைடெக் இரண்டும் தைவான். வெர்பேட்டிமை 2019இல் சிஎம்சியே வாங்கிக்கொண்டது.

எம்பிஐ என்றால் நம்ம மோசர் பேர். 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று தமிழ்ப் படங்களை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்களே, அவர்களே. வெற்று டிஸ்க் தயாரிப்பில் உலக அளவில் பெரிய கை. 2018இல் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவாகிவிட்டது. ஆகவே இப்போது கிடைக்கிற எம்பிஐ டிஸ்க் எல்லாம் கிடங்கில் கிடந்த பழசு. எழுதாத சாயமும் வெயிலிலும் ஈரத்திலும் கெடும். நாலைந்து பீஸ் எழுதிச் சோதிக்காமல் கல்யாணத்துக்குப் போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: குறியீட்டையும் திருடுவார்கள். தாயோ யூடென் குறியீட்டைப் பதித்த போலிகள் ஏராளமாக உலாவியிருக்கின்றன. நம்பிக்கையான குறியீடும், சீரான நிறமும், சோதனையில் தேர்ச்சியும் மூன்றும் ஒத்துப்போனால்தான் கட்டாக வாங்குவது.

சோதனை பெரிய வித்தை இல்லை. எழுதிய டிஸ்க்கிலிருந்து விஓபி ஃபைல்களை (படமும் ஒலியும் இருப்பவை) ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். வேகம் ஏறிக்கொண்டே போய் முடிந்தால் நல்லது. கடைசி ஃபைலில் வேகம் திடீரென்று விழுந்து, டிரைவ் முனகி முனகிப் படித்தால் அந்த டிஸ்க் உங்கள் கம்ப்யூட்டரில் இன்று ஓடும், பெண் வீட்டு பிளேயரில் ஓடாது. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால், பிழை எண்ணத் தெரிந்த டிரைவில் நீரோ டிஸ்க்ஸ்பீடு போட்டு ஸ்கேன் செய்யலாம். பிஐ பிழை (படிக்கும்போது தட்டுப்படும் பிழை) 280க்குள், பிஐ தோல்வி (அதில் முதல் சுற்றில் திருத்த முடியாமல் போனது) 4க்குள் இருக்க வேண்டும் என்பது தர வரம்பு. நல்ல டிஸ்க்கில் முதல் எண் இரட்டை இலக்கத்தைத் தாண்டுவதே அபூர்வம்.

"போட்டதும் 'நோ டிஸ்க்'னு வருது"

நிமிஷக் கணக்குக்கே வழியில்லாமல் வாசலிலேயே திரும்பி வருவது இது. இதில் பெரும்பாலும் டிஸ்க்கின் தரம் காரணமில்லை, வகையும் எழுதிய முறையும்தான்.

ஃபைனலைஸ் செய்யாமல் விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். மூடாத டிஸ்க் எழுதிய டிரைவில் ஓடும், வெளியே ஓடாது. அடுத்து, கம்ப்யூட்டரில் டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ-டிஎஸ் ஃபோல்டர் தெரிகிறதா? அதற்குப் பதிலாக ஒரு எம்பி4 ஃபைல் மட்டும் கிடந்தால், கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி அதை டேட்டா டிஸ்க்காக எழுதிவிட்டான். பழைய பிளேயருக்கு அது வெறும் தட்டு.

மூன்றாவது, அழித்து அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் எழுதிக் கொடுத்தீர்களா? சாதாரண எழுதும் டிஸ்க் லேசரில் 45 சதவீதத்துக்கு மேல் திருப்பியனுப்பும். ஆர்டபிள்யூ அனுப்புவது 18 முதல் 30 சதவீதம்தான். வயசான லென்ஸ் அந்த மங்கலில் டிஸ்க் இருப்பதையே உணராது. ஆர்டபிள்யூவை எடிட்டிங் டேபிளில் சரிபார்க்க மட்டும் வையுங்கள்.

பிறகு மைனஸா (டிவிடி-ஆர்), பிளஸா (டிவிடி+ஆர்) என்ற பழைய வழக்கு. மைனஸ் ஆர் 1997இல் வந்தது, பிளஸ் ஆர் 2002இல். முன்னதுக்குப் பழைய பிளேயர்களோடு பழக்கம் அதிகம். ஆனால் பிளஸ் ஆருக்கு ஒரு தனி வசதி உண்டு. டிஸ்க் எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் 'புக் டைப்' என்ற அடையாளத்தை 'டிவிடி-ரோம்' என்று மாற்றி எழுதலாம். கடையில் விற்கும் அச்சுப் பட டிஸ்க் என்றே பிளேயர் நம்பிவிடும். மைனஸில் இது முடியாது. சில டிரைவ்கள் தானாகவே மாற்றுகின்றன, சிலதில் இம்க்பர்ன் வழியாக நாம் மாற்ற வேண்டும். இதெல்லாம் தலைவலி என்பவர்கள் மைனஸ் ஆரை வாங்கி நிம்மதியாக இருங்கள். நான் அப்படித்தான் இருக்கிறேன்.

கடையில் ஒரு பாடாவதி பிளேயரை ஓரமாக வைத்திருங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, தட்டு வெளியே வர இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அதில் ஓடிவிட்டால் வேறு எங்கும் ஓடும்.

"அங்கங்க கட்டம் கட்டமா உடையுது"

உடையும் இடத்தில் படத்தில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அட்சதை தூவுகிறார்களா? போட்டோகிராபர்களின் ஃபிளாஷ் சரமாரியாக வெட்டுகிறதா? அப்படியானால் டிஸ்க் நிரபராதி. அசைவு கூடும்போது பிட்ரேட், அதாவது நொடிக்கு ஓடும் டேட்டா அளவு, எகிறும். நூறு கையிலிருந்து அரிசி பறக்கும் அந்த மூன்று நொடியில் எகிறுவது போல வேறெங்கும் எகிறாது. டிவிடி வீடியோவின் உச்ச வரம்பு 9.8 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), ஒலியும் சேர்த்து 10.08. அச்சு டிஸ்க் அந்த வரம்பில் ஓடும். நாம் எழுதும் டிஸ்க்கில் பிளேயர் ஒரு முறை திரும்பப் படிக்க நேர்ந்தாலே மூச்சு வாங்கிவிடும். அதுவும் தாலி கட்டு ஓரத்தில் இருக்கிற டிஸ்க்காக இருந்தால் கேட்கவே வேண்டாம், இரண்டு வியாதியும் ஒரே நொடியில்.

உச்சத்தை 8க்கு மேல் விடாதீர்கள். சராசரிக்கு எளிய வாய்ப்பாடு: 560ஐ மொத்த நிமிஷத்தால் வகுத்தால் ஒலி, ஒளி இரண்டுக்கும் சேர்த்த எம்பிபிஎஸ். 75 நிமிஷத்துக்கு ஏழரை, 2 மணி நேரத்துக்கு 4.7. மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் கேட்டால் 3.1 வரும், அதில் பட்டுப்புடவை ஜரிகை எல்லாம் சேறாகிவிடும் என்று சொல்லி இரண்டு டிஸ்க்குக்குக் காசு வாங்குங்கள். நாதஸ்வரத்தைச் சுருக்காத பிசிஎம்மாக விட்டால் ஒலியே ஒன்றரை எம்பிபிஎஸ் தின்னும். டால்பி ஏசி3யில் 224 கேபிபிஎஸ் போதும், காதுக்குக் குறை தெரியாது.

அசைவுக்குச் சம்பந்தமே இல்லாமல் உடைகிறது என்றால் டிஸ்க்கைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கல்யாண வீட்டில் சந்தனக் கையோடும் எண்ணெய்க் கையோடும்தான் பிரித்திருப்பார்கள். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது தடத்தோடு ஓடும், பிழை திருத்தும் கணக்குக்கு அடங்காது.

மேற்பக்கம் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கியது. ஒரு இழை நகர்ந்து ஒட்டினாலும் சமநிலை போய் டிஸ்க் தள்ளாடும். பிளேயர் சூட்டில் ஸ்டிக்கர் சுருங்கித் தகட்டையே வளைக்கும். மணமக்கள் படம் வேண்டுமென்றால் வெள்ளை மேற்பரப்புள்ள பிரிண்டபிள் டிஸ்க் வாங்கி இங்க்ஜெட்டில் அடியுங்கள். பெயர் எழுத சிடி மார்க்கர். பால்பாயிண்ட் பேனாவை டிஸ்க் இருக்கும் மேசையிலேயே வைக்காதீர்கள்.

"பாதியில ஒரு விக்கல், அப்புறம் சரியாயிடுது"

டூயல் லேயர் டிஸ்க். முதல் அடுக்கு முடிந்து இரண்டாவதுக்கு லேசர் மாறும் இடம் அது, கோளாறு இல்லை. லேயர் மாறும் இடத்தைக் காட்சி மாறும் கருப்புத் திரையில் வருமாறு சாப்டர் அமைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் விக்கலுக்குப் பிறகு ஓடவே இல்லையென்றால் இரண்டாம் அடுக்கு சரியாக எழுதப்படவில்லை. என் கட்சி: கொடுப்பதற்கு டூயல் லேயரே வேண்டாம். விலை பல மடங்கு, பழைய பிளேயர் தகராறு. இரண்டு சாதா டிஸ்க்கே மேல்.

"ரைட் பண்ணும்போதே எரர் அடிக்குது"

பவர் கேலிபிரேஷன் எரர் என்று தொடக்கத்திலேயே வந்தால், சூட்டை அளந்து பார்க்கும் கட்டத்திலேயே டிரைவும் டிஸ்க்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். வேறு குறியீட்டு டிஸ்க் ஒன்றைப் போடுங்கள். அதுவும் அடித்தால் டிரைவின் லேசர் ஓய்ந்துவிட்டது. அது ஓடினால் பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள். டிரைவுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், புது டிஸ்க்குகளின் அறிமுகம் அதில்தான் கிடைக்கும்.

ஒரே நேரத்தில் பல காப்பி எழுதும் டூப்ளிகேட்டர் டவர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு டிரைவுக்கும் எண் போட்டு, டிஸ்க்கின் உள்வளையத்தில் அந்த எண்ணை மார்க்கரால் குறியுங்கள். ஆண்டுவிழாவுக்கு முந்நூறு காப்பி போட்டு இருபது திரும்பி வந்தால், அதில் பெரும்பாலானவற்றில் ஒரே எண் இருக்கும். அந்த டிரைவைக் கழற்றி எறிந்துவிட்டு வேலையைப் பாருங்கள். டவருக்கு மாஸ்டரை டிஸ்க்காகக் கொடுக்காமல் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் இமேஜாக (முழு டிஸ்க்கின் ஒரே ஃபைல் நகலாக) ஏற்றிக் கொடுங்கள். நூறு முறை சுற்றிய மாஸ்டர் டிஸ்க்கில் ஒரு கீறல் விழுந்தால் நூற்றியோராவது காப்பியிலிருந்து எல்லாவற்றிலும் அந்தக் கீறல் இருக்கும்.

ஆயிரம் பிரதி கேட்டால் எழுதவே எழுதாதீர்கள். கண்ணாடி மாஸ்டர் செய்து அச்சுக் குத்தும் ஆலைக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு அனுப்பும் மாஸ்டர் ஒரு லேயர் படமானால் மைனஸ் ஆரில், ஸ்டிக்கர் இல்லாமல், 'வெரிஃபை' போட்டுத் தேறியதாக இரண்டு பீஸ்.

"4.7 ஜிபின்னு போட்டிருக்கு, 4.5 ஏறமாட்டேங்குது"

டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஒரு சின்னக் கண்ணி மட்டும்: பிளஸ் ஆர் டிஸ்க்கின் கொள்ளளவு மைனஸ் ஆரைவிட ஏறக்குறைய 7 எம்பி குறைவு. மைனஸுக்கென்று விளிம்புவரை ரொப்பிய இமேஜ் பிளஸில் ஏறாது. 4.0 வழக்கத்தில் நிற்பவர்களுக்கு இது எட்டியே பார்க்காது.

"அமெரிக்காவுல அண்ணன் வீட்ல ஓடல"

டிஸ்க் எத்தனை உசத்தியாக இருந்தாலும் இது ஓடாது. நம்முடையது பால் (PAL) என்ற டிவி முறை, 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, லண்டன் எல்லாம் பால்தான், கவலையில்லை. அமெரிக்காவும் கனடாவும் என்டிஎஸ்சி, 720க்கு 480, 29.97. அங்கே பல பிளேயர்கள் பாலை ஏற்காது. ரீஜன் கோடு என்று அண்ணன் சொல்வார், அது இல்லை. நாம் எழுதும் டிஸ்க்கில் பொதுவாக ரீஜன் பூட்டு கிடையாது. ஆர்டர் எடுக்கும்போதே வெளிநாட்டுச் சொந்தம் யார் யார் என்று கேட்டுக்கொண்டு, அவர்களுக்கு என்டிஎஸ்சியில் தனி மாஸ்டர் போடுங்கள்.

"அஞ்சு வருஷம் முன்ன போட்டது, இப்ப ஓடல"

டிஸ்க் எங்கே இருந்தது என்று கேளுங்கள். டிவி ஸ்டாண்டின் ஜன்னல் பக்கம், பீரோ மேல்தட்டு, கார் டாஷ்போர்டு என்று ஏதாவது ஒன்று வரும். வெயில் சாயத்தை வெளுக்கும், ஈரம் பசையைப் பிரிக்கும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட கையேடு 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கச் சொல்கிறது. நம்மூரில் மார்கழி விடியற்காலை தவிர அந்த வெப்பநிலை ஏது? இருட்டான அலமாரியில், உறைக்குள், நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பவுச்சில் திணித்து மற்றதன் மேல் அடுக்குவதுதான் மோசம்.

மீட்க வேண்டுமா? துடைத்துவிட்டு, எடுத்த எடுப்பில் பிளேயரில் போடாமல் கம்ப்யூட்டரில் போடுங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிக்கும். மடிக்கணினி டிரைவைவிடப் பழைய மேசைக் கணினி டிரைவ்கள் பொறுமைசாலிகள். லினக்ஸ் தெரிந்தால் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். அது முதலில் நல்ல பகுதிகளை அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பத் திரும்ப வரும். நின்றுபோன இமேஜை அப்படியே வைத்துக்கொண்டு வேறு டிரைவில் மிச்சத்தைத் தொடரலாம். சம்பந்தி வீட்டில் இன்னொரு காப்பி இருந்தால் அதையும் வாங்கி வரச் சொல்லுங்கள். இரண்டு காப்பியும் ஒரே இமேஜிலிருந்து எழுதியவை என்றால், இதில் போன செக்டாரை அதிலிருந்து நிரப்பச் சொல்லி எது படித்தது, எது படிக்கவில்லை என்று குறித்து வைத்த அதே மேப் ஃபைலோடு டிடிரெஸ்க்யூவை மறுபடி ஓட்டலாம். போன மாதம் ஒரு வளைகாப்பு டிஸ்க்கை அப்படித்தான் முழுசாக எடுத்தேன். ஒன்றில் ஓரம் போயிருந்தது, மற்றதில் குழந்தை கிறுக்கிய கீறல் நடுவில் இருந்தது.